சாயங்கால அழுகைக்குச் சொட்டு மருந்தா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பச்சைக் குழந்தையின் அழுகை. எல்லாம் வீட்டுக்குள் நடப்பது என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: எனக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறந்த முதல் வாரத்திலிருந்தே புரோபயாடிக் சொட்டு கொடுத்தால், காரணம் தெரியாமல் ஓயாமல் அழும் 'கோலிக்' வராமலே தடுத்துவிடலாம் என்கிறாள் தோழி. வாங்கி வைக்கட்டுமா? (ஈரோடு)

ப: தொட்டில் வாங்குங்கள். பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து வையுங்கள். சொட்டுக்கு அவசரம் இல்லை.

தோழி ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. இத்தாலியில் நிறைமாதத்தில் பிறந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து இதைப் பரிசோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் தொடங்கி 90 நாள், பாதிக் குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்ற பாக்டீரியா கலந்த சொட்டு. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் சொட்டு. மூன்றாம் மாதத்தில் முதல் கூட்டம் நாளுக்குச் சராசரியாக 38 நிமிடம் அழுதது, இரண்டாம் கூட்டம் 71 நிமிடம். கேட்டால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இது போன்ற ஆறு ஆய்வுகளை, மொத்தம் 1886 குழந்தைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. அழும் நேரம் அரைமணி அளவுக்குக் குறைவதாகத் தெரிந்தது. கோலிக் வருவதையே தடுக்கிறதா என்ற கேள்விக்கோ தெளிவான சான்று கிடைக்கவில்லை. பெரிய பக்க விளைவும் தென்படவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கோலிக் வருவது சுமார் ஐந்தில் ஒரு குழந்தைக்கு. வராத நான்கு குழந்தைகளுக்கும் சேர்த்து மூன்று மாதம் தினமும் சொட்டு ஊற்றுவதா? வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் முடிவு.

கே: சாதாரண அழுகைக்கும் கோலிக்குக்கும் என்ன வித்தியாசம்? என் பையன் சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிக்கிறான். (நாகர்கோவில்)

ப: உங்கள் பையன் பாடப்புத்தகம் சொன்னபடியே நடக்கிறான்.

1954-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெஸல் ஒரு மூன்று-மூன்று கணக்குச் சொன்னார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். மூன்று வாரம் கடிகாரத்தோடு உட்கார எந்தத் தாயால் முடியும்? 2016-இல் வந்த, வயிறு-குடல் கோளாறுகளுக்கான ரோம் வரையறை இந்தக் கணக்கைத் தளர்த்திவிட்டது. ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, காரணம் தெரியாமல், நீண்ட நேரம், அடிக்கடி அழுகிறது. என்ன செய்தாலும் சமாதானம் ஆவதில்லை. ஆனால் எடை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை. அது போதும்.

முகம் சிவக்கும், கால்களை வயிற்றோடு மடக்கும், கை முஷ்டியாகும், வயிறு கல் போலாகும். பார்க்கிறவர்கள் வயிற்று வலி என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காக உரக்க அழுதாலும் குழந்தையின் உடம்பு இப்படித்தான் இறுகும். அழும்போது விழுங்கும் காற்றும் பிறகு வாயுவாக வெளியேறும். வாயுவால் அழுகையா, அழுகையால் வாயுவா என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முடிவான விடை இல்லை.

ஒன்று உறுதி. ஆரோக்கியமான குழந்தைகளும் நிறைய அழுவார்கள். பிரேசல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 80 தாய்மார்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி 1962-இல் கணக்குப் பார்த்தார். ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போய் நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்தைத் தொட்டது. அதற்கு மேல் இறங்குமுகம்.

கே: மருந்துக்கடையில் புரோபயாடிக் என்று கேட்டேன். ஐந்து விதமான டப்பாவை எடுத்து வைத்தார். எதை வாங்க? (வேலூர்)

ப: 'பழம் கொடுங்கள்' என்று கேட்டால் வாழையும் வரும், எலுமிச்சையும் வரும். புரோபயாடிக் என்பதும் அப்படிப் பொதுப்பெயர்தான்.

கோலிக்குக்கு அதிகம் ஆராயப்பட்டது லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி டி.எஸ்.எம். 17938. கடைசியில் நிற்கும் எண்ணை விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரெயின், அதாவது பாக்டீரியாவின் உட்பிரிவு, எது என்பதை அதுதான் சொல்கிறது. 2020-இல் விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்துக்கே பெயர் மாற்றியதால், புதிய டப்பாக்களில் லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்றும் இருக்கலாம். ஆள் ஒன்றுதான். இதன் மூல வித்து பெரு நாட்டுத் தாய் ஒருவரின் தாய்ப்பாலிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஆன்டிபயாடிக் மருந்தை எதிர்த்து நிற்கும் மரபணுக்கள் இருந்ததால், அவற்றை நீக்கி உருவாக்கியதே இந்த 17938.

ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு ஐந்து சொட்டு. அதில் பத்துக் கோடி பாக்டீரியா. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். பெரியவர்களின் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியா வாழ்கிறது.

டப்பாவில் ஸ்ட்ரெயின் எண் இல்லை, 'நல்ல பாக்டீரியா' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறதா? கவுன்ட்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண் இருந்தாலும், உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகே வாங்குங்கள்.

கே: கோலிக் வந்துவிட்ட குழந்தைக்காவது இந்தச் சொட்டு கேட்குமா? (மதுரை)

ப: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையென்றால் கேட்க வாய்ப்பு உண்டு. புட்டிப்பால் குழந்தையென்றால் கேட்கும் என்று சொல்லச் சான்று போதாது.

இந்தக் கதை இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கியது. 2007-இல் ஃபிரான்செஸ்கோ சவினோ குழுவினர், கோலிக் வந்த தாய்ப்பால் குழந்தைகளில் ஒரு பாதிக்கு ரியூட்டெரியும் மறுபாதிக்கு வாயுவுக்கான சிமெதிகோன் சொட்டும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் ரியூட்டெரி குழந்தைகளில் 95 சதவீதம் பேருக்கு அழுகை பாதியாகக் குறைந்தது. மற்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது.

2014-இல் மெல்போர்னிலிருந்து நேர்மாறான முடிவு வந்தது. தாய்ப்பால், புட்டிப்பால் இரண்டு வகைக் குழந்தைகளும் சேர்ந்து 167 பேர். சொட்டால் பலன் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் சொட்டு குடித்தவர்களைவிட ரியூட்டெரி குடித்தவர்கள் நாளுக்கு 49 நிமிடம் அதிகமாகவே சிணுங்கி அழுதிருந்தார்கள்.

எதை நம்புவது? எதிரெதிர் முடிவு சொன்ன அணிகளே ஒரே மேசையில் உட்கார்ந்து, நான்கு ஆய்வுகளின் 345 குழந்தைகளை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். தாய்ப்பால் குழந்தைகளுக்கு மூன்று வாரத்தில் பலன் தெரிகிறது. புட்டிப்பால் குழந்தைகளுக்குச் சொல்ல முடியவில்லை. மொத்தத்தில் அழுகை குறைந்தது நாளுக்கு 25 நிமிடம் போல. இரவு பதினொரு மணிக்கு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவருக்கு அந்த 25 நிமிடம் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று வாரம் கொடுத்துப் பாருங்கள்; மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

கே: சொட்டு ஆரம்பித்த பத்தாம் நாளே அழுகை பாதியாகிவிட்டது. இது மருந்தின் வேலை இல்லையா? (திண்டுக்கல்)

ப: இருக்கலாம், நாட்காட்டியின் வேலையாகவும் இருக்கலாம். தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானே வரும். சவினோ குழுவின் 2010 ஆய்வில் வெறும் சொட்டு குடித்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாம் வாரத்தில் அழுகை நன்றாகக் குறைந்திருந்தது.

கே: தயிரில் இல்லாத நல்ல பாக்டீரியாவா? விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் ஆகாதா? (தஞ்சாவூர்)

ப: ஆகாது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலையும் மருத்துவர் எழுதிக்கொடுத்ததையும் தவிர வேறெதுவும் நாக்கில் படக் கூடாது, தண்ணீரும்தான். தேன் ஒரு வயது வரை கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் அதில் வரலாம்.

தாய்ப்பாலின் சங்கதியைக் கேளுங்கள். அதில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி அதிகமாக இருப்பது ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை. குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது. செரிக்காத பொருளைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்க வேண்டும்? குழந்தையின் குடலில் குடியிருக்கும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. ஒரே பாலில் பிள்ளைக்கும் பந்தி, பிள்ளைக்குள் இருக்கும் விருந்தாளிக்கும் பந்தி. இந்தப் பாக்டீரியாவை 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிஸியே கண்டெடுத்ததும் தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்திலிருந்துதான்.

தயிரை நீங்கள் சாப்பிடுங்கள், தாயே.

கே: நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டதால்தான் பாலில் மாந்தம் இறங்கிக் குழந்தை அழுகிறது என்கிறார் மாமியார். (சேலம்)

ப: ஐஸ்கிரீமின் குளிர்ச்சி உங்கள் வயிற்றுக்குள் போன சிறிது நேரத்திலேயே போய்விடுகிறது. பால் உங்கள் உடம்புச் சூட்டில்தான் சுரக்கிறது. உங்கள் மேல் குற்றம் இல்லை.

சில குழந்தைகளுக்கு மட்டும் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாது. மலத்தில் ரத்தம் அல்லது சளி, தோலில் சொறி, எடை ஏறாமை ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவர் இரண்டு வாரத்துக்குப் பால் பொருட்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். அது அவர் சொல்ல வேண்டியது. ரசம் சாதத்தை மட்டும் போட்டுப் பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடுவதற்குக் கோலிக்கைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

கே: நாங்கள் ஆறு பிள்ளைகளை வசம்பு உரசிக் கொடுத்து வளர்த்தோம். இப்போது பாக்டீரியாவை வாங்கி ஊற்றுகிறார்கள். எது பைத்தியக்காரத்தனம்? (கும்பகோணம், ஒரு பாட்டி)

ப: பாட்டி, ஆறு பிள்ளைகளை வளர்த்த கைக்கு முதலில் ஒரு கும்பிடு.

இரண்டையும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன், அழுகிற குழந்தையைப் பார்த்து மனசு கேட்காமல் செய்வதுதானே. ஆனால் வசம்பை விட்டுவிடுங்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வாங்கினாலும், அதிலுள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இலேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. கல்லும் கையும் சுத்தமாக இல்லாவிட்டால் உரசும்போதே கிருமியும் சேரும். கையில் வசம்பு மணி கட்டும் வழக்கமும் வேண்டாம், அது வாய்க்குப் போகும்.

உரம் விழுந்துவிட்டது என்று துணியில் போட்டு உருட்டுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதுவது, மூக்கில் எண்ணெய் விடுவது எதுவுமே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவான குழந்தைகளுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிகளும் உங்களைப் போலப் பாசத்தால்தான் செய்தார்கள்.

உங்களிடம் எங்கள் மருந்துக்கடையில் இல்லாத ஒன்று இருக்கிறது: மடி. அதைக் கொடுங்கள், பாட்டி. தாலாட்டையும் கொடுங்கள்.

கே: கிரைப் வாட்டர்? (திருநெல்வேலி)

ப: 1851-இல் இங்கிலாந்தில் வில்லியம் வுட்வர்ட் உருவாக்கிய கலவை. அந்தக் காலத்தில் அதில் சாராயம் கலந்திருந்தது. குழந்தை தூங்கியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இப்போது சாராயம் இல்லை. கோலிக் குறையும் என்பதற்குச் சான்றும் இல்லை. வாயுவுக்கான சிமெதிகோன் சொட்டும் ஆய்வுகளில் வெறும் சொட்டைவிட மேலாக நிற்கவில்லை.

கே: மூத்தவனுக்கு வாங்கிய வயிற்று வலிச் சொட்டு பாதி மீதம் இருக்கிறது. சின்னவளுக்கு நாற்பது நாள். கொடுக்கலாமா? (கரூர்)

ப: கொடுக்கவே கூடாது. லேபிளைப் பாருங்கள். டைசைக்ளோமைன் என்று இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது மூச்சையே நிறுத்திவிடக் கூடும்.

வயிற்றுப்போக்குக்கு எழுதிக்கொடுத்த பேசில்லஸ் கிளாசி குப்பி மீதம் இருந்தாலும் இதே பதில். அதுவும் புரோபயாடிக்தான், ஆனால் இந்த வேலைக்கான ஆள் அல்ல.

கே: என் பெண் எட்டாம் மாதத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் இருந்துவிட்டு வந்தாள். அவளுக்குத்தானே நல்ல பாக்டீரியா அதிகம் தேவை? (கோவை)

ப: இந்தப் பதிலை மெதுவாகப் படியுங்கள். நீங்களாக ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

குறைமாதக் குழந்தையின் குடல் சுவர் மெல்லியது, எதிர்ப்புச் சக்தி முதிராதது. வெளியே நல்ல பிள்ளையாக இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் போய்விட்டால் அது நோய்க் கிருமியேதான். அமெரிக்காவில் புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தை ஒன்று அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்தது; 2023-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முன்பு 2014-இல் வேறொரு புரோபயாடிக் பொடியில் பூஞ்சை கலந்திருந்து இன்னொரு குறைமாதக் குழந்தை உயிரிழந்தது. சில மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. அது கோலிக்குக்காக அல்ல. குடல் அழுகிப்போகும் ஓர் ஆபத்தான நோயைத் தடுக்க, நிபுணர் கண்காணிப்பில் நடப்பது.

கே: ஒடிசாவில் பச்சைக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுத்து உயிரையே காப்பாற்றினார்களாமே? அப்புறம் ஏன் தயக்கம்? (சென்னை, கல்லூரி மாணவி)

ப: நல்ல கேள்வி. 2017-இல் நேச்சர் இதழில் பினாகி பாணிகிராஹி குழுவினர் வெளியிட்டது. ஒடிசாவின் கிராமங்களில் 4556 குழந்தைகள். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்கு உணவான சர்க்கரையையும் சேர்த்து ஏழே நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. நம் நாட்டில் நடந்த இந்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அவர்கள் பார்த்தது கிருமித் தொற்றை, அழுகையை அல்ல. பாக்டீரியாவும் வேறு. அந்தச் சான்றிதழை இந்தச் சொட்டின் மேல் ஒட்ட முடியாது.

கே: சிசேரியன் குழந்தைக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டுமா? (தூத்துக்குடி)

ப: சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலில் முதலில் குடியேறும் பாக்டீரியாக்கள் வேறு என்பது உண்மை. அதனால் எல்லோருக்கும் சொட்டு வேண்டும் என்பதற்குச் சான்று இல்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மார்பில் போட்டுப் பால் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷன் ஆன தாய்க்கும் அந்த உரிமை உண்டு.

கே: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? (விழுப்புரம்)

ப: பச்சை நிறத்தில் வாந்தி. 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல். மலத்தில் ரத்தம். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது. உச்சிக்குழி புடைப்பது. தொடை இடுக்கில் வீக்கம். மூச்சுத் திணறல். எடை ஏறாமை. இவற்றில் எது இருந்தாலும் அது கோலிக் அல்ல. எடை மட்டும் என்றால் மறுநாள் போகலாம், மற்ற எதற்கும் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: கால் விரல், கை விரல், ஆண் குழந்தையென்றால் குறி. பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு முடி கொட்டும். ஒரே ஒரு முடி சாக்ஸுக்குள் விரலைச் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ஓயாமல் அழும் குழந்தையின் உடையை முழுவதும் கழற்றிப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

கே: வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நேற்று இரவு இரண்டு மணிக்கு அவள் நிறுத்தவே இல்லை. எடுத்து உலுக்கிவிடலாமா என்று தோன்றிவிட்டது. நான் கெட்ட தாயா? (ஊர் வேண்டாம்)

ப: இல்லை, அம்மா. தூக்கமில்லாத தாய். எழுதியதற்கு நன்றி, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கடிதம் உங்களுடையது.

குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. கழுத்துக்குப் பலம் கிடையாது. சில நொடி உலுக்கலில் மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு, பார்வை போகலாம், உயிரும் போகலாம். அந்த எண்ணம் வந்த அந்த நொடியில் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். தண்ணீர் குடியுங்கள். வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். ஐந்து பத்து நிமிடம் தனியாகப் படுத்து அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

என் மகளுக்கு ஆறு வாரமானபோது என் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். குழந்தை மருத்துவனான எனக்கு அன்று எழுதிக்கொடுக்க மருந்து ஒன்றும் தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மனைவி மூன்று மணி நேரம் தூங்கினாள். மறுநாளும் குழந்தை அழுதது. ஆனால் அவள் அழவில்லை.

பகலிலும் மனசு இருண்டே கிடந்தால், எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால், குழந்தைக்கோ உங்களுக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது.

கே: நான் அப்பா. பால் என்னிடம் இல்லை, சொட்டும் வேண்டாம் என்கிறீர்கள். நான் என்னதான் செய்ய? (ஓசூர்)

ப: தம்பி, உங்களிடம் தோள் இருக்கிறது.

1986-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு சோதனை செய்தார்கள். கோலிக் இல்லாத சாதாரணக் குழந்தைகள். ஒரு குழுவின் பெற்றோரிடம், அழுதாலும் அழாவிட்டாலும் தினமும் மூன்று மணி நேரமாவது குழந்தையைத் தூக்கி வைத்திருங்கள் என்றார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது. கோலிக் ஏற்கனவே வந்துவிட்ட குழந்தைகளிடம் இந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே முன்பே தொடங்க வேண்டும். முதல் வாரத்திலிருந்து, அழுவதற்கு முன்பே, கையில் எடுங்கள். 'தூக்கித் தூக்கிக் கைச்சூடு பழகிவிடும்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பச்சைக் குழந்தை கைச்சூட்டுக்குத்தான் பிறக்கிறது.

சாயங்காலம் ஆறரைக்கு வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்குங்கள். எட்டரை வரை உங்கள் முறை. மனைவி சாப்பிடட்டும், குளிக்கட்டும், படுக்கட்டும். மூன்று நான்கு மாதத்தில் இந்த அழுகை அடங்கிவிடும். அதுவரை தினமும் இரண்டு மணி நேரம் உங்களுடையது. இன்றைக்கே தொடங்குங்கள்.